பனிக்காலக் குப்பை சேகரிப்பு: லோடர்கள் வழுக்கி விழுவதைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

வழித்தடம்4:

வணக்கம் நண்பர்களே. நான்கு வண்டிகள், எல்லாமே பின்பக்கம் ஏற்றுவன. ஒரு வண்டிக்கு ஓட்டுநர் ஒருவர், லோடர்கள் (குப்பையை ஏற்றும் பணியாளர்கள்) இருவர். வழியில் பெரும்பாலும் 240 லிட்டர் இரு சக்கரத் தொட்டிகள், அடுக்குமாடிகளில் 1100 லிட்டர் நான்கு சக்கர கன்டெய்னர்கள், சில தெருக்களில் வெறும் பைகள்.

எல்லோருக்கும் எஸ்ஆர்சி என்ற வழுக்குத் தடுப்பு முத்திரை உள்ள பாதுகாப்பு பூட்ஸ் கொடுத்தாயிற்று. "பார்த்து நடங்கள்" என்று ஷிஃப்ட் தொடங்கும்போது தினமும் சொல்கிறோம். விழுவது குறையவில்லை. அடுத்த பனிக்காலத்துக்கு முன் என்ன செய்யலாம் என்று திட்டம் போட வேண்டும். மூன்று கேள்விகள்:

1. பூட்ஸ் மேல் மாட்டும் ஆணிப் பட்டைகளை எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தால் போதுமா?
2. வண்டியில் உப்பு வைத்துக்கொள்வதா, மணலா? எவ்வளவு?
3. லோடர்கள் வண்டியின் பின்படியில் நின்று போவதைப் பனி நாட்களில் அடியோடு நிறுத்திவிடலாமா?

---

படியும்பிடியும்:

மூன்று கேள்விக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விழுந்தவர் அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா? "பனியில் வழுக்கி விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. ஏறும்போதா, இறங்கும்போதா, வெறுங்கையோடு நடக்கும்போதா, தொட்டியை இழுக்கும்போதா, கன்டெய்னரைத் தள்ளும்போதா, பையை வீசும்போதா என்று ஆறு கட்டம் போட்டு, நேரம், இடம், தரை எப்படி இருந்தது என்ற மூன்றையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். விழாமல் தடுமாறியதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் பேரில் குற்றம் சுமத்த மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தாள் காலியாகவே திரும்பி வரும்.

என் கணிப்பைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் படியிலிருந்து தரைக்கு வைக்கும் அந்த ஓர் அடி. காரணம் சாதாரண இயற்பியல்தான். வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒருவர் குதித்தால், அவர் உடல் நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போய்க்கொண்டே தரையைத் தொடுகிறது. காய்ந்த ரோட்டில் இரண்டு எட்டு வைத்து அந்த வேகத்தைக் கரைத்துவிடலாம். பனிக்கட்டியில் அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கால் ஓடும், இடுப்பு பின்தங்கும், பின்மண்டை அடிபடும். ஆகவே முதல் விதி: சக்கரம் முழுதாக நிற்கும்வரை யாரும் இறங்கக் கூடாது. இதை லோடர்களுக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. ஓட்டுநர் ஊர்ந்துகொண்டே இருந்தால் லோடர் குதித்துக்கொண்டேதான் இருப்பார்.

இறங்கும் முறை: முகம் வண்டியைப் பார்த்து, பின்னோக்கி. இரு கை ஒரு கால், அல்லது இரு கால் ஒரு கை, எப்போதும் மூன்று இடம் பிடித்திருக்க வேண்டும். முதல் காலைத் தட்டையாக வைத்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள். கால் நகர்ந்தால் கை இன்னும் கம்பியில்தான் இருக்கிறது. இரண்டாவது காலும் தரையில் ஊன்றிய பிறகுதான் கைப்பிடியை விட வேண்டும். பலர் முதல் கால் பட்டதுமே கையை விட்டுவிடுகிறார்கள்.

படியையும் ஒருமுறை பாருங்கள். புடைப்புத் தகடு போட்ட படி பனிக்காலத்துக்கு ஆகாது. பூட்ஸில் ஒட்டி வரும் பனி அந்தப் புடைப்புகளுக்கு நடுவே அமுங்கி, உருகி, மறுபடி உறைந்து மேலே கண்ணாடிபோல் ஒரு பரப்பு வந்துவிடும். இரும்புப் படிக்கு மேலும் காற்று, கீழும் காற்று. பாலம் ரோட்டுக்கு முன்பே உறைவதுபோல் படியும் முந்திக்கொண்டு உறையும். பல் வெட்டிய திறந்த கம்பி வலைப் படி என்றால் பனி கீழே உதிர்ந்துவிடும். மாற்ற முடியாவிட்டால், துளை போட்டு விளிம்பு மேலே துருத்தும் அலுமினியத் தகட்டை போல்ட் போட்டு இறுக்குங்கள். சொரசொரப்பு டேப் ஒட்டுவதாக இருந்தால் பனிக்காலம் தொடங்கும் முன், சூடான கொட்டகைக்குள், துரு நீக்கிக் காயவைத்த தகட்டில் ஒட்டுங்கள். 10 டிகிரிக்குக் கீழே பசை பிடிக்காது. ஓரம் கிளம்பிய டேப்பே கால் தடுக்கும்.

உறைந்த படியில் வெந்நீர் ஊற்றுவதைத் தயவுசெய்து தடை செய்யுங்கள். படி சுத்தமாகும், ஆனால் அந்தத் தண்ணீர் படிக்கு நேர் கீழே, இறங்குகிற இடத்திலேயே உறைந்து நிற்கும். படிக்குப் பக்கத்தில் ஒரு சுரண்டியும் கெட்டித் தூரிகையும் கிளிப்பில் மாட்டி வைத்தால் போதும். வண்டிக்குள் எங்கோ கிடந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: நிறுத்திவிடுங்கள் என்பதே. எந்த நாளிலும் பின்படிக்கு ஒரு வரம்பு உண்டு. குப்பை வண்டிகளுக்கான அமெரிக்கத் தரமான ஏன்சி இசட்245.1 பின்படியில் ஆள் நிற்கும்போது மணிக்கு 10 மைல், அதாவது 16 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 0.2 மைலுக்கு மேல் தூரம் போகக் கூடாது என்கிறது. அது ஏறக்குறைய 320 மீட்டர். ஐரோப்பியத் தரமான இஎன் 1501-1 படியில் ஆள் இருக்கும்போது வேகத்தை மணிக்கு 30 கி.மீ.க்குள் பூட்டி, பின்னோக்கி ஓட்டுவதையும் தடுக்கச் சொல்கிறது. இரண்டும் பனிக்கென்று எழுதியவை அல்ல. கையுறை ஈரமாகி, கம்பி உறைந்து, படி கண்ணாடியாகிப் போன நாளில் அந்த 320 மீட்டரே அதிகம். அடுத்தடுத்த வீடு என்றால் நடக்கட்டும். இடைவெளி அதிகம் என்றால் கேபினுக்குள் ஏறட்டும்.

---

ரப்பர்அடி:

பூட்ஸ் பற்றி ஒரு தவறான நம்பிக்கையைச் சரிசெய்ய வேண்டும். எஸ்ஆர்சி என்றால் பனிக்கட்டியில் வழுக்காது என்று அர்த்தமே இல்லை. பாதுகாப்புக் காலணிகளுக்கான இஎன் ஐஎஸ்ஓ 20345 தரத்தின் 2011 பதிப்பில் எஸ்ஆர்ஏ என்பது சோப்புக் கரைசல் ஊற்றிய பீங்கான் ஓட்டில் செய்யும் சோதனை. எஸ்ஆர்பி என்பது கிளிசரின் தடவிய இரும்புத் தரையில். இரண்டிலும் தேறினால் எஸ்ஆர்சி. 2022 பதிப்பில் எஸ்ஆர் என்ற ஒரே குறியாகிவிட்டது. எதிலுமே பனிக்கட்டி இல்லை. சமையலறைக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்துகிற சோதனையை நம்பி நீங்கள் உறைந்த தெருவில் இறக்கிவிட்டிருக்கிறீர்கள். பணியாளர் "பூட்ஸ் சரியில்லை" என்று சொன்னால் அது சாக்கு அல்ல.

பனிக்கட்டியிலேயே சோதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். டொராண்டோ மறுவாழ்வு மருத்துவ ஆய்வு நிலையம் 2016 முதல் வெளியிடும் மதிப்பீட்டில், ஆட்கள் அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு சாயும் பனித் தரையில் நடக்கிறார்கள். வழுக்காமல் ஏறி இறங்கக்கூடிய அதிகபட்சச் சாய்வு 7 டிகிரி என்றால் மதிப்பெண்ணாக ஒரு பனிப்பூக் குறி, 11 என்றால் இரண்டு, 15 என்றால் மூன்று. வாங்கும்போது இந்த மாதிரி பனிக்கட்டிச் சோதனை முடிவைக் கேளுங்கள், அட்டையில் உள்ள படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

அடிப்பாகம் மென்மையான ரப்பராக இருக்க வேண்டும். குளிரில் கல்லாகிவிடக் கூடாது. எளிய வழி ஒன்று உண்டு. மாதிரி ஜோடியை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்துவிட்டுக் காலையில் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கையால் வளைத்துப் பாருங்கள். பலகைபோல் விறைத்தால் வேண்டாம். எண்ணெய் தாங்குவதற்கென்று செய்த கெட்டியான நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) அடிகள் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும். ரப்பருக்குள் கண்ணாடி இழையோ கடினத் துகளோ கலந்த அடிகள் பனிக்கட்டியில் ஓரளவு நன்றாகப் பிடிக்கின்றன, ஆனால் தேயத் தேயப் பிடி மாறும். பள்ளத்தின் ஆழம் 3 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடுவது நல்லது. குதிகாலின் வெளி ஓரத்தில்தான் முதலில் தேயும், அங்கே அளந்து பாருங்கள்.

சிஐ குறி குளிர் காப்புக்கு, அதையும் கேளுங்கள். குளிர்ந்து மரத்துப்போன பாதத்துக்குத் தரை நகர்வது தெரியாது. ஆனால் தடித்த சாக்ஸோடு அளவு பார்த்து வாங்க வேண்டும். இறுக்கமான பூட்ஸ் ரத்த ஓட்டத்தைக் குறைத்து இன்னும் குளிரவைக்கும், தளர்ந்தது உள்ளே கால் நழுவவிடும். ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்தால் ரப்பர் இறுகும், ஒட்டு விட்டுப்போகும். பூட்ஸின் உள்ளே போடும் மெத்தையை வெளியே எடுத்து, இளஞ்சூடான காற்றில் இரவு முழுதும் உலர்த்த வேண்டும்.

இனி ஆணிப் பட்டை. போதுமா என்றால், போதாது. சில இடங்களில் ஆபத்தும்கூட. டங்ஸ்டன் கார்பைடு ஆணி பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கும். அதே ஆணி இரும்புப் படியிலும் வழவழப்பான கான்கிரீட்டிலும் ஓட்டிலும் பனிச்சறுக்குக் கட்டையாகிவிடும், ஏனென்றால் அங்கே ரப்பர் தரையைத் தொடாது, ஆணி முனை மட்டும்தான் தொடும். லோடர் ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான முறை பனியிலிருந்து இரும்புக்கு மாறுகிறார். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட யாராலும் முடியாது. இதற்கு இரண்டு வழி: பின்படியில் ஏறவே வேண்டாம் என்று வைத்துவிட்டு முழுப்பாத ஆணிப் பட்டை மாட்டிக்கொண்டு தெரு முழுதும் நடப்பது, அல்லது குதிகால் பகுதியில் மட்டும் இருந்து, புரட்டினால் ஆணி வெளியே, மறுபடி புரட்டினால் உள்ளே போகும் வகை. கேபின் படியில் ஏறும்போது எந்த வகையிலும் ஆணி வெளியே இருக்கக் கூடாது. ஓட்டுநருக்கு ஆணிப் பட்டை கூடவே கூடாது, பெடலில் நழுவும்.

மாட்டுவது எப்போதும் உட்கார்ந்துகொண்டு. தினமும் பார்க்க வேண்டியவை: ரப்பர் பட்டையில் விரிசல், உதிர்ந்துபோன ஆணி, மழுங்கிய முனை. ஒரு பக்கம் ஆணி உதிர்ந்த பட்டை இரு காலுக்கும் வெவ்வேறு பிடி கொடுக்கும். அதைப் போடாமல் இருப்பதே மேல்.

---

உப்பும்மணலும்:

இரண்டாவது கேள்விக்கு. உப்பும் மணலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. உப்பு உருக்கும், ஆனால் நேரம் கேட்கும். மணல் உருக்காது, கொட்டிய நொடியே பிடி கொடுக்கும். வண்டியை நிறுத்தி ஒரு தொட்டியை எடுக்க அரை நிமிடம் ஆகிறது என்றால் அந்த அரை நிமிடத்தில் உப்பு ஒன்றும் செய்யாது. ஆகவே வண்டியில் இருக்க வேண்டியது முதலில் மணல். கடற்கரை மணல்போல் நுணுக்கமானது வேண்டாம், 2 முதல் 5 மி.மீ. வரையுள்ள உடைந்த கல் பொடி. கோணல் விளிம்புதான் பனிக்கட்டியைக் கடிக்கும். ஈர மணல் வாளியிலேயே கட்டியாக உறைந்துபோகும், அதனால் எடையில் 5 சதவீதம் உப்பு கலந்துவிடுங்கள். பின்பக்கம் கை எட்டும் இடத்தில் மூடியுள்ள 10 கிலோ வாளி ஒன்று, அதற்குள் கரண்டி ஒன்று. கன்டெய்னர் இருக்கும் இடத்தில் நகர்த்துவதற்கு முன் பாதையில் வீசுங்கள், தள்ளும்போது வழுக்கிய பிறகு அல்ல.

உப்பு டிப்போவுக்கும், தினமும் போகிற கன்டெய்னர் மேடைக்கும். அங்கே முந்தைய இரவே போடலாம். சாதாரண உப்பு -9 டிகிரிக்குக் கீழே மிக மெதுவாகிவிடும். கணக்கைப் பார்த்தால் புரியும்: -1 டிகிரியில் 1 கிலோ உப்பு சுமார் 46 கிலோ பனிக்கட்டியை உருக்கும், -7இல் எட்டொன்பது கிலோவைத்தான் உருக்கும், -12இல் ஐந்து கிலோ. அதற்கும் கீழே மெக்னீசியம் குளோரைடு, இன்னும் கடுங்குளிருக்குக் கால்சியம் குளோரைடு. கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்துச் சூடாகும், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். பூட்ஸ் தோலையும் அரிக்கும்.

அளவு: உறையும் முன்னே போட்டால் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிராம். உறைந்த பிறகு என்றால் 20 முதல் 40 கிராம். 20 கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். தரை வெள்ளையாகத் தெரியும் அளவுக்குக் கொட்டுவது வீண். காலுக்கடியில் உருளும் உப்புக் கற்களே காய்ந்த தரையில் வழுக்கும். பனி திரளாகக் கிடந்தால் முதலில் வாரி எறிந்துவிட்டுப் பிறகு உப்பு. பனிமேல் போட்ட உப்பு மேலே கஞ்சியாகி, அடியில் கட்டி அப்படியே இருக்கும்.

முக்கியமாக ஒன்று. "இன்று காற்று 3 டிகிரி, உறையாது" என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். வானிலைச் செய்தி சொல்வது தரைக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே உள்ள காற்றின் வெப்பம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை வானத்துக்கு வெப்பத்தை இழந்து, காற்றைவிட 3 முதல் 5 டிகிரி தாழ்ந்துபோகும். காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே தரை உறைந்திருக்கலாம், கண்ணுக்கு ஈரம் மாதிரித்தான் தெரியும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று சூப்பர்வைசரிடம் இருந்தால் தார் ரோட்டையும் கான்கிரீட்டையும் அளந்துவிடலாம். பளபளக்கும் இரும்பில் அது தப்பாகக் காட்டும், அதனால் படிக்கு அதை நம்பாதீர்கள்.

இன்னொரு அபாயம்: மிகக் குளிர்ந்த நாளைவிட 0 டிகிரியைச் சுற்றி ஊசலாடும் நாள் மோசம். -15இல் உள்ள காய்ந்த பனிக்கட்டியில் ரப்பர் ஓரளவு பிடிக்கும். அதே பனிக்கட்டிமேல் மெல்லிய நீர்ப்படலம் நின்றால் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். பகலில் உருகி மாலையில் உறைவது, உறைமழை (தரையில் பட்டதும் உறையும் மழை), பனிமேல் மழை: உங்கள் எச்சரிக்கை இந்த மூன்றுக்கும் ஒலிக்க வேண்டும், கடுங்குளிருக்கு மட்டும் அல்ல.

---

வழித்தடம்4:

மூவருக்கும் நன்றி. எஸ்ஆர்சி விஷயம் தெரிந்திருந்தால் அந்தக் கொள்முதலே வேறாக இருந்திருக்கும். பதிவேட்டில் ஆறு கட்டம் போடும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறோம். இரண்டு சந்தேகம் மிச்சம். கன்டெய்னரைத் தள்ளும்போது இரண்டு பேர் தள்ளினாலும் கால் பின்னால் ஓடுகிறது, ஏன்? பின்படியை நிறுத்தினால் வழி முடிய நேரமாகும் என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கு என்ன பதில்?

---

படியும்பிடியும்:

கன்டெய்னருக்குக் கணக்கு இதோ. ஒருவர் கிடைமட்டமாக எவ்வளவு விசை கொடுக்க முடியும் என்பதைத் தசை தீர்மானிப்பதில்லை, பூட்ஸுக்கும் தரைக்கும் உள்ள உராய்வு தீர்மானிக்கிறது. 80 கிலோ எடையுள்ளவர், உராய்வு எண் 0.1 உள்ள பனிக்கட்டியில் நின்றால், 8 கிலோ அளவு விசைக்கு மேல் தள்ள முடியாது. தள்ளினால் கால் பின்னால் ஓடும். ஈரப் பனிக்கட்டியில் 0.05 என்றால் 4 கிலோ. இருவர் சேர்ந்தால் இரட்டிப்பு, அவ்வளவுதான். நிரம்பிய 1100 லிட்டர் கன்டெய்னர் 400, 500 கிலோ வரும். சமதரையில் சக்கர எதிர்ப்பு எடையில் 4 சதவீதம் என்று வைத்தாலே 500 கிலோவுக்கு 20 கிலோ விசை வேண்டும். நூற்றுக்கு ஐந்து ஏற்றம் என்றால் இன்னும் 25 கிலோ. சக்கரம் பனித்தடத்தில் உறைந்திருந்தால் கணக்கே வேண்டாம். இரண்டு பலசாலிகளும் தோற்பது இதனால்தான். ஆணிப் பட்டை, அல்லது கால் வைக்கும் இடத்தில் மணல் இருந்து உராய்வு 0.3 ஆனால் ஒருவருக்கு 24 கிலோ கிடைக்கும். நகரும்.

ஆகவே வரிசை இப்படி: சக்கரத்தைச் சுற்றி உறைந்ததை உடைத்துவிட்டு, கன்டெய்னர் போகும் பாதையில் பனியை வாரி, கால் வைக்கும் இடத்தில் மணல் வீசி, அதன்பிறகு தள்ளுங்கள். முதுகை வளைத்து உந்தாமல், தோளுக்குக் கீழே கையை வைத்து, சின்ன எட்டாக. இடறினால் கன்டெய்னரை விட்டுவிட வேண்டும்.

இறக்கத்தில் யாரும் கன்டெய்னருக்குக் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது. அதன் பிரேக் சக்கரத்தைப் பூட்டும், பூட்டிய சக்கரம் பனிக்கட்டியில் சறுக்கும். அரை டன் எடையை உடம்பால் நிறுத்த முயன்றவர் சுவருக்கும் அதற்கும் நடுவே மாட்டிக்கொள்வார். இறக்கத்தில் இருக்கும் மேடை என்றால் கட்டிடக்காரரோடு பேசி இடத்தையே மாற்றச் சொல்லுங்கள்.

240 லிட்டர் தொட்டியில் வேறு பழக்கம் கெடுக்கிறது. வேகத்துக்காக இரண்டு கையிலும் ஒவ்வொன்று இழுப்பார்கள். பனி நாளில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். பின்னோக்கி நடந்துகொண்டு இழுக்கக் கூடாது. தொட்டி பக்கவாட்டில், முகம் போகிற திசையில். தொட்டி தரையோடு ஒட்டி உறைந்திருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், விட்டதும் மல்லாக்க விழுவீர்கள். முதலில் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டி ஒட்டை விடுவியுங்கள். குப்பைப் பைகளுக்கும் இதேதான்.

பையை வீசும்போது இடுப்பை மட்டும் திருப்பினால் பாதம் அச்சுபோல் சுழலும். பனிக்கட்டியில் அப்படிச் சுழல்கிற பாதம் நிற்காது. இரண்டு எட்டு வைத்து முழு உடம்பையும் ஹாப்பரை (வண்டியின் பின்பக்கம் குப்பை போடும் தொட்டியை) நோக்கித் திருப்பிய பிறகு போடுங்கள்.

---

ஓட்டுநர்இருக்கை:

நேரம் பத்திக் கேட்டீங்க, அதுக்கு ஓட்டுநர் பக்கத்துல இருந்து சொல்றேன்.

"வழி முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்"னு இருக்கிற ஏற்பாட்டில எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஆள் ஓடத்தான் செய்வான். ஓடறவன் காலைத் தட்டையா வைக்க மாட்டான், குதிகாலை முதல்ல ஊன்றுவான், அங்கதான் வழுக்கும். பனி எச்சரிக்கை உள்ள நாள்ல அந்த ஏற்பாட்டை நிறுத்திட்டு, முழு ஷிஃப்ட் சம்பளம் நிச்சயம்னு எழுதிக் கொடுங்க. முடியாத தெரு மறுநாளைக்குன்னு முன்னாடியே சொல்லிடுங்க. இதைச் செய்யாம "பார்த்து நடங்க"ன்னு மட்டும் சொல்றது லோடர் தலையில பாரத்தை வைக்கிற வேலை.

வழியோட வரிசையை மாத்துங்க. விடிகாலையில மெயின் ரோடு, உப்பு போட்ட ரோடு, வெயில் சீக்கிரம் படற பக்கம். கட்டிட நிழல் விழற தெரு, ஏற்ற இறக்கம், முட்டுச் சந்து எல்லாம் பத்து மணிக்கு மேல. சாயங்காலம் இதுக்கு நேர் எதிர், நிழல்தான் முதல்ல உறையும், அதுக்கு முன்னாடி வெளிய வந்துடணும். உறைமழை பெய்யுதுன்னா புறப்படவே வேணாம், ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க. அதுக்குள்ள ரோட்டுக்கு உப்பு விழுந்துடும்.

ஓட்டுநர் வண்டியை நிறுத்துற இடமும் கணக்கு. பின்படி எங்க வந்து நிக்கும்னு கண்ணாடியில பார்த்து நிறுத்தணும். ஓரத்துல உருகின தண்ணி ஓடற சாக்கடை மேல, குவிச்சு வெச்ச பனி மேல படி வரக் கூடாது. ஒரு மீட்டர் முன்ன பின்ன நிறுத்தினா போதும். கேபின்ல இருந்து உறைஞ்ச இடம் தெரிஞ்சா குரல் கொடுங்க. நகரும் வண்டிக்கும் பனிக் குவியலுக்கும் நடுவுல யாரும் நடக்கக் கூடாது. அங்க வழுக்கினா பின்சக்கரத்துக்குத்தான் போவாங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது வழி காட்டறவர் பின்னோக்கி நடந்துக்கிட்டே காட்டக் கூடாது, பார்வையில படற ஒரு இடத்துல நின்னு காட்டணும். அவர் கண்ணாடியில மறைஞ்ச அந்த நொடியே பிரேக்.

இன்னும் ரெண்டு. ஹாப்பர்ல இருந்து ஒழுகற குப்பைத் தண்ணி படி மேலயும் படிக்குக் கீழயும் உறையும். அந்தத் தண்ணித் தொட்டியோட அடைப்பானும் ரப்பர் வளையமும் தினமும் பார்க்கணும், குப்பை கொட்டற இடத்திலேயே வடிச்சிட்டு வரணும். ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவும் அப்படித்தான். வேலை விளக்கு எல்ஈடியா இருந்தா அதுல சூடு குறைவு, பனி படிஞ்சா உருகாது, கையால துடைக்கணும். இருட்டுல லோடர் எங்க கால் வைக்கிறார்னு அவருக்கே தெரியாம போகும்.

---

ரப்பர்அடி:

ஓட்டுநர் அண்ணன் சொன்ன குதிகால் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன், நடை பயிற்சியில் இதைத்தான் சொல்லித்தர வேண்டும். சாதாரண நடையில் குதிகால் முன்னே நீண்டு சாய்வாகத் தரையைத் தொடுகிறது. அந்த நொடியில் தேவைப்படும் உராய்வு ஏறக்குறைய 0.2. பனிக்கட்டி அதைத் தராது. எட்டைப் பாதியாகக் குறைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் வைத்தால் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். கை பாக்கெட்டில் இருக்கக் கூடாது. தொங்கும் ஹூட் பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், ஹெல்மெட்டுக்கு அடியில் கம்பளித் தொப்பியே நல்லது. கையுறை ஆளுக்கு மூன்று ஜோடி வண்டியில் இருக்கட்டும், ஈரக் கையுறையோடு உறைந்த கம்பியைப் பிடித்தால் பிடி நிற்காது.

பனிக் குவியல்மேல் ஏறித் தாண்டுவது வேண்டாம். வீட்டு வாசல் வழியாகச் சுற்றிப் போகட்டும். குடியிருப்பவர்களுக்குப் பனிக்காலத்துக்கு முன் ஒரு தாள் கொடுங்கள்: தொட்டி பனி நீக்கிய தரையில், குவியலுக்கு முன்பக்கம், தொட்டிக்குத் தொட்டி ஒரு மீட்டர் விட்டு; கன்டெய்னர் இடத்துக்குக் கன்டெய்னரின் அகலத்தைவிட அரை மீட்டர் கூடுதலாகப் பாதை. தொட்டி குவியலுக்குப் பின்னால் இருந்தால் எடுக்க வேண்டாம் என்று லோடருக்கு அதிகாரம் கொடுங்கள்; அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது.

---

வழித்தடம்4:

கடைசியாக ஒன்று. விழுந்தே விட்டால்?

---

படியும்பிடியும்:

கையில் இருப்பதை முதலில் விடச் சொல்லிப் பழக்குங்கள். தொட்டியைப் பிடித்துக்கொண்டே விழுந்தால் அது மேலே வந்து விழும். பின்னோக்கிப் போனால் தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, முடிந்தவரை பக்கவாட்டில் சரிய வேண்டும். நீட்டிய கையில் முழு எடையும் இறங்கினால் மணிக்கட்டு போகும். பாய் விரித்த தரையில், முழங்காலிட்ட நிலையில் தொடங்கி இதைப் பழகலாம்.

விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தூக்குகிறவரும் விழுவார். அவராகப் புரண்டு, முட்டி போட்டு, வண்டியையோ கம்பத்தையோ பிடித்து எழட்டும். தலை அடிபட்டிருந்தால், அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. மருத்துவரிடம் அனுப்புங்கள், தனியாக அனுப்ப வேண்டாம். தலைவலி கூடுவது, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் என எது வந்தாலும் தாமதிக்காமல் அவசர உதவியை அழையுங்கள்.

வண்டி அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன் தரையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். அடுத்த வண்டி வருவதற்குள் அங்கே மணல் விழ வேண்டும். மதியத்துக்குள் பனி உருகிவிட்டால் எங்கே வழுக்கியது என்று யாருக்கும் தெரியாது.